சூடேறினால் மறையும் சத்தம்

தை பதினொன்று. விடியக் காத்திருக்கும் நாலரை.
கொரடாச்சேரிக் கிடங்கு வாசலில்
பதினேழாவதாக நிற்கிறது என் வண்டி.
சாவியைத் திருப்பினால் இருமும், பிடிக்கும்,
பிறகு தொடங்கும்:
டிக், டிக், டிக்.
நகம் வெட்டுகிற மாதிரி. இல்லை,
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ
அவசரமில்லாமல் கொட்டைப்பாக்கு வெட்டுகிற மாதிரி.

பத்து நிமிடம்.
முள் பச்சையைத் தொட்டதும் காணாமல் போகும்.

மூன்று முறை கூத்தாநல்லூர்ப் பட்டறைக்கு ஓட்டினேன்.
போய்ச் சேர்வதற்குள் சூடாகியிருக்கும்.
ஜெகபர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு
"தங்கமா ஓடுதே" என்பார்,
டாக்டர் வாசலில் நின்றுபோகும் பல்வலி போல.
மூன்றாம் முறை என் காதைச் சந்தேகித்தார்.
அதையும் காட்டினேன். திருவாரூரில்
அழுக்கெடுத்து நூற்றைம்பது வாங்கினார்கள்.
மறுநாள் சத்தம்
இன்னும் சுத்தமாகக் கேட்டது.

நேற்றிரவு ஜெகபரே வந்துவிட்டார்.
மப்ளர், பிளாஸ்க், முழநீள ஸ்க்ரூடிரைவர்.
"விடியுற வரைக்கும் சாவியைத் தொடாதே."
தார்ப்பாய்க்குள் மூட்டைமேல் மூவரும் படுத்தோம்.
ஈரம் அதிகம் என்று இறக்க மறுத்த நெல்
அடியில் வெதுவெதுவென்று புழுங்கிக்கொண்டிருந்தது.
அந்த வரிசையிலேயே குளிராதவர்கள் நாங்கள்தான்.

இப்போது இஞ்சின் ஓடுகிறது.
பனியில் ஹெட்லைட் இரண்டு கை நீளம்கூடப் போகவில்லை.
ஸ்க்ரூடிரைவர் முனை தண்ணீர் பம்பில்,
பிடி ஜெகபரின் காதில்.
கண்ணை மூடுகிறார். தலையாட்டுகிறார். இல்லை.
டேப்பட் மூடி. இல்லை.
பெல்ட்டைக் கழற்றி ஓடவிட்டார். டிக், டிக்.
பெல்ட் தப்பித்தது.
டீசல் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்.
ஒன்றை அடக்கினால் வண்டி நொண்டியது,
சத்தம் நொண்டவில்லை.
இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
ஆறை அடக்கினார்.

பாக்குவெட்டி நின்றது.

"ஊதுபத்தி இருக்கா?"
மாரியம்மன் படத்தடியிலிருந்து ஒன்றைக் கொளுத்திக் கொடுத்தேன்.
மேனிஃபோல்டு ஓரமாக அதை நகர்த்தினார்.
நூல் பிடித்த மாதிரி எழுந்த புகை
கடைசி மூலையில்
துண்டு துண்டாகச் சிதறியது,
உள்ளேயிருந்து யாரோ ஊதி ஊதி
அணைக்கப் பார்ப்பதுபோல்.
டார்ச் வெளிச்சத்தில் கரிக்கோடு,
கண்மை இழுத்த வால்.
வாலின் முடிவில், நட்டு இல்லாத போல்ட்.

"தைப்பனி தரையைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றேன்.
"பனி எதையும் துளைக்கலை.
குளிருக்கு இரும்பு சுருங்குது. மயிரிழை சந்து.
சூடானா அதுவே உப்பி அடைச்சுக்குது.
நட்டு எப்போ விழுந்துச்சு?"

எனக்கெப்படித் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
கிளீனர் குணபாலன் ஒன்றும் பேசாமல் கேபினில் ஏறி
டேஷ்போர்டிலிருந்து எதையோ எடுத்துவந்து நீட்டினான்.
லோடு சீட்டும் ஈரப்பதச் சீட்டும் பறக்காமலிருக்க
இரண்டு மாதமாக நான் வைத்திருந்த கனம்.
கார்த்திகையில் நீடாமங்கலம் கேட் மூடியிருந்தபோது
டீ வாங்க இறங்கினேன்.
என் வண்டிக்கடியில்தான் கிடந்தது.
எவன் வண்டியிலிருந்தோ விழுந்தது, பாவம்,
என்று எடுத்து வைத்தேன்.

ஜெகபர் சிரித்திருந்தால்கூடத் தேவலை.
லுங்கியில் துடைத்தார், மரையில் வைத்தார்,
மூன்று சுற்று விரலால், மிச்சம் ஸ்பானரால்.

வண்டி ஓடுகிறது. வெறும் வண்டிச் சத்தம்.
காது அது பாட்டுக்குப் பாக்குவெட்டியைத் தேடுகிறது.
பதினாறாவது வண்டியில் ஏதோ கீச்சிட,
ஜெகபரின் தலை அந்தப் பக்கம் சாய்கிறது.
அந்த டிரைவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறான்.

வரிசை நகர்கிறது. கிளட்சை விடுகிறேன்.
ஜன்னல் வழியே குபுக்கென்று காற்று.
டேஷ்போர்டில் கனம் இல்லை.
சீட்டுகள் எழுந்து, சுழன்று, வெளியே போகின்றன
வெட்டாறு இருக்கும் திசையில்.
குணபாலன் குதித்துப் பனிக்குள் ஓடுகிறான்,
பத்தொன்பது சதவீதத்தைத் துரத்திக்கொண்டு.